மட்டக்களப்பில் வீட்டுக்கும் கடைக்கும் பைபர் (ஒளியிழை) இணையம் எடுக்கப் போகிறீர்களா?

கல்லடியோ காத்தான்குடியோ, “உங்கள் பகுதியில் பைபர் உண்டு” என்று நிறுவனத்தின் இணையத்தளம் காட்டியதுமே இருக்கிற இணைப்பை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பதில் பகுதிக்குத்தான். உங்கள் ஒழுங்கைக்கு அல்ல.

படி 1: போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்

நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் என்ற பிரிப்பான் 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிக்கிறது. அதிலிருந்து சில போர்ட்கள்தான் (ஒவ்வொரு வீட்டு வயரையும் செருகும் இடங்கள்) உங்கள் பக்கத்துக் கம்பத்துப் பெட்டிக்கு வரும். அவை நிரம்பிவிட்டால், அடுத்த வளவில் பைபர் ஓடினாலும் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு விண்ணப்பத்தை ஏற்று, பணத்தையும் வாங்கிய பிறகுதான் “போர்ட் இல்லை” என்றார்கள். பிறகு நீண்ட காத்திருப்பு.

ஆகவே பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி: கிட்டடிப் பெட்டியில் போர்ட் காலியா? அங்கிருந்து வீட்டுக்கு எத்தனை மீற்றர் வயர்? அயல் வீட்டாரின் இணைப்பு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டு போங்கள்; எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்க அது உதவும். ஹொட்லைனை விட நேரே கிளைக்குப் போவதுதான் நல்லது என்பது என் கட்சி.

படுவான்கரையில் கம்பி எட்டாத ஊர் என்றால் 4ஜி ரவுட்டர்தான். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையமும் இருக்கிறது. பாசிக்குடா, அறுகம்பை விடுதிகளுக்கு அது கட்டுப்படியாகலாம், சாதாரண வீட்டுக்குக் கஷ்டம்.

படி 2: செலவு

விளம்பரத்தில் உள்ள மாதத் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட் மட்டுமே 18%. இணைப்புக் கட்டணமும் கூடுதல் வயருக்கான காசும் தனி.

வேகம் வேறு, டேட்டா வேறு. 300 எம்பிபிஎஸ் என்று ஆசைப்பட்டு 100 ஜிபி பொதி எடுத்தால், முழு வேகத்தில் இறக்கும்போது முக்கால் மணித்தியாலத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும். பிள்ளைகள் படம் பார்க்கிற வீட்டுக்கு, வேகம் குறைந்தாலும் வரம்பில்லாத பொதியே மேல். கடைக்காரர்கள் பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள். சிசிடிவியை வெளியிலிருந்து பார்ப்பதற்கு அதுதான் தேவை.

படி 3: ஒளி அளவைப் பாருங்கள்

பொருத்த வரும் தம்பி, வயரில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீற்றர் வைத்திருப்பார். வயர் வீட்டுக்குள் வந்ததும் அதில் வரும் இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது மைனஸில் இருக்கும். -19 நல்லது, -26 மோசம். பூச்சியத்துக்குக் கிட்ட வரவர ஒளி கூட. வழமையான கருவிகளுக்கு -27 அளவில் எல்லை வந்துவிடும். அந்த இலக்கம் 3 டிபி (டெசிபல்) குறைந்தால் ஒளி பாதியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இன்று -26 இல் “வேலை செய்யுது அண்ணே” என்று அவர் போய்விட்டால், மார்கழி மழையில் வயர் மூட்டுக்குள் ஈரம் போனாலோ தென்னோலை விழுந்து வயர் மடங்கினாலோ இணைப்பு அறுந்து ரவுட்டரில் சிவப்பு லைட் எரியத் தொடங்கும். -24 ஐ விட மோசம் என்றால் முனையைத் துடைத்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த வயர் மூட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். தேத்தண்ணி ஒன்று கொடுத்துக் கேட்டால் செய்வார்கள்.

பச்சை நிறக் கனெக்டரின் முனையில் விரல் படக்கூடாது. வயரைச் சுருட்டிக் கட்டவும் வேண்டாம்.

படி 4: வேகம் பார்ப்பது

வேகச் சோதனைத் தளத்தை வைஃபையில் திறக்க வேண்டாம், ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையில் லேன் வயர் போட்டுப் பாருங்கள். 95 எம்பிபிஎஸுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நின்றால், பெரும்பாலும் மடிக்கணினியின் பழைய போர்ட் அல்லது வயர்தான் காரணம். கொழும்பு சேர்வரோடு நிற்காமல், வெளிநாட்டு வேகமும் தெரிய, சிங்கப்பூரையும் ஒருமுறை தெரிவு செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கடைக்காரர், டிவிஆரை (சிசிடிவி பதிவுப் பெட்டி) வெளியிலிருந்து போர்ட் ஃபோர்வர்டிங் (ரவுட்டரில் நேர் வழி திறந்து விடுவது) மூலம் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். பொது ஐபி (இணைய முகவரி) ஒன்றைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும்போது அப்படித்தான் ஆகும். டிவிஆர் நிறுவனத்தின் சொந்த ஆப் போதும் என்றால் அதைப் பாவியுங்கள். போதாவிட்டால் உங்களுக்கென்றே மாறாத நிலையான ஐபிக்கு மாதக் காசு தனியாகக் கட்ட வேண்டும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் பலர் கேட்டார்கள். நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. நிலையத்தில் கரண்ட் இருந்தால், உங்கள் ரவுட்டருக்கு மட்டும் கொடுத்தால் சரி. கணினிக்கான பெரிய யூபிஎஸ் இதற்கு வீண். 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள். வாங்குமுன் ரவுட்டர் அடப்டரில் எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கொள்ளுங்கள்.