பிள்ளைகளைக் காட்டுக்கரைக்குக் கூட்டிப்போகிறவர்கள் பதகளிப்பில் விடும் தவறுகள்

போன மாதம் இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் போன ஒரு இளைஞர் குழுவுக்குத் துணையாகப் போயிருந்தேன். பொறுப்பாக வந்த தம்பிக்கு அது இரண்டாவது பயணம். ஒட்டுசுட்டானில் பஸ் நின்றபோதே அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது. பிள்ளைகளை ஏழு தரம் எண்ணினார், ஏழு தரமும் வாய்க்குள்ளேயே. பிறகு என் பக்கத்தில் வந்து, "அண்ணை, நெஞ்சு படபடக்குது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

நான் தொடங்கின காலத்தில் என் நெஞ்சும் அப்படித்தான் அடித்தது. அன்றைக்கு நான் விட்ட தவறுகளை அந்தத் தம்பி ஒவ்வொன்றாக என் கண் முன்னால் விட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, முதலுதவிப் பெட்டி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பதகளிப்பு, அதாவது இந்த நெஞ்சுப் படபடப்பு, வருவதையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஒருவருக்கு அது கொஞ்சமும் வராவிட்டால் அவரோடு என் பிள்ளையை அனுப்ப யோசிப்பேன். அது வந்த நேரத்தில் நம்முடைய வாயும் காலும் என்ன செய்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் நாள் இரவு முழித்திருப்பது

இரவு ஒரு மணி வரைக்கும் சாமான் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, விடிய நாலு மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டு மூன்று பிளேன்ரீ குடிப்பது. பிறகு ஏன் கை நடுங்குகிறது என்று கேட்டால்? நித்திரை இல்லாத உடம்பில் தேயிலைச் சாயம் படபடப்பைக் கூட்டத்தான் செய்யும். இரண்டு துண்டுப் பாணாவது சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள்.

அந்த இரவின் பயத்துக்கு மருந்து நாலைந்து நாளுக்கு முன்னாலேயே இருக்கிறது. பிள்ளைகள் அங்கே நிற்கப் போகிற அதே நேரத்துக்கு நீங்கள் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய் நின்று பாருங்கள். ஆடி, ஆவணியில் காட்டுக்குள் இருக்கிற சிறு நீர்நிலைகள் வற்றிவிடும். யானைகள் பெரிய குளங்களின் அலைகரைக்கு இறங்கும். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்பதை அந்தக் குளத்தில் வலை போடுகிறவரைப் போல வேறு ஆரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கைத்தொலைபேசி எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் பிடிக்காது, பக்கத்தில் வாசலில் கிணறும் மலசலகூடமும் உள்ள வீடு எது என்பதையும் அன்றைக்கே பார்த்து வையுங்கள். கண்ணால் பார்த்த இடத்தைப் பற்றி மனம் இரவில் கண்டபடி கதை கட்டாது.

துணைக்கு வந்தவருக்கும் மறைப்பது

பிள்ளைகளுக்கு முன்னால் பயத்தைக் காட்டாமல் இருப்பது சரி. கூட வந்த பெரியவருக்கும் மறைத்தால், ஆபத்தை ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் சும்மா நடந்துகொண்டிருக்கிறார் என்றாகிவிடும்.

சொல்லும்போது பொருளைக் காட்டிச் சொல்லுங்கள். "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்குது" என்றால் அவர் என்ன செய்ய முடியும்? "வலப்பக்கம் யானை லத்தி கிடக்குது, இன்னும் ஈரம் காயேல்லை, நாங்கள் இதோட திரும்புவம்" என்றால் உடனே திரும்பலாம். விரலால் சுட்டிக்காட்டக்கூடிய பயம் என்றால் அதற்கு நடவடிக்கை வேண்டும். சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லை, நெஞ்சு மட்டும் அடிக்கிறது என்றால் நிழலில் இருந்து தண்ணீர் குடியுங்கள், மூச்சை மெல்ல விடுங்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய எனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.

இருபது கட்டளை வாசிப்பது

பயந்தவர் நிறையக் கதைப்பார். பஸ்ஸால் இறங்கின உடனே இருபது விதி சொன்னால் பிள்ளைகளின் காதில் ஒன்றும் ஏறாது. நான் மூன்றுதான் சொல்வேன்: உன் சோடியை விட்டுப் போகாதே. பாதையை விட்டு இறங்காதே. கீழே கிடக்கிற எதையும் எடுக்காதே.

இரண்டாவதும் மூன்றாவதும் எங்கள் மண்ணுக்கென்றே உள்ளவை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. போரில் புதைத்த மிதிவெடிகளை அகற்றும் வேலை அதற்கு முன்னமே தொடங்கிப் பல வருஷமாக நடந்து, எத்தனையோ ஊர்கள் துப்பரவாகிவிட்டன. ஆனாலும் மாரி மழை மண்ணைக் கழுவிவிட்ட பிறகு, காட்டோரத்தில் துருப்பிடித்த இரும்பு தலைகாட்டுவது புதினமில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பலகை இல்லாத இடத்தில் கிடக்கிற சின்னத் தகரப்பேணி போன்ற சாமானுக்குத்தான் விதி தேவை: தொடாதே, கல்லெறியாதே, வந்த அடியிலேயே திரும்பி வா, பெரியவரிடம் சொல். பெரியவர் இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசின் 119க்கு எடுக்க வேண்டும்.

குளத்தில் குளிக்க விடுவது

வேண்டாம். முதலை இருக்கிறது.

"காணேல்லை" என்று கத்திக்கொண்டு ஓடுவது

இதைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

2013 ஆவணி, அதே முத்தையன்கட்டு. 26 பிள்ளைகள், ஒரு ரீச்சர், ஒரு உதவியாளர், நான். குளக்கட்டுக்குக் கீழே மருதமர நிழலில் சோத்துப் பார்சல் பிரித்திருந்தோம். சாப்பிட்டு முடிந்து பிள்ளைகள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்த நேரத்தில் தலைகளை எண்ணினேன். 25. திரும்ப எண்ணினேன். 25. மூன்றாம் தரம் 24. காதுக்குள் இரைச்சல் கேட்டது. "ஒராளைக் காணேல்லை!" என்று கத்திவிட்டு, காட்டுப் பாதையில் ஓடினேன். உதவியாளர் மற்றப் பக்கம் ஓடினார். என் பின்னால் ஐந்து பெரிய பொடியன்கள் ஓடி வந்தார்கள். மிச்சப் பிள்ளைகள் தண்ணிக் கரையில், ஒரு பெரியவர்கூட இல்லாமல் நின்றார்கள்.

ரீச்சரும் அங்கே இல்லை என்பது என் கண்ணில் படவேயில்லை. கட்டுக்கு அங்கால் இருந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையை மலசலகூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தா. பன்னிரண்டு நிமிஷத்தில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். முகம் கழுவின ஈரத்தோடு அந்தப் பிள்ளை, "சேர், ஏன் எல்லாரும் ஓடினனீங்கள்?" என்று கேட்டாள்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் நடந்தவை: என் பின்னால் ஓடி வந்த ஒரு பொடியன் காய்ந்த வாய்க்காலுக்குள் பாய்ந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பைக்கு மேல் நான் வைத்துவிட்டு ஓடின கைத்தொலைபேசியை எடுத்து, ஒரு பிள்ளை அந்தச் சிறுமியின் வீட்டுக்கு அடித்து, "அன்ரி, உங்கட பிள்ளையைக் காணேல்லையாம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தாயின் மூத்த மகன் போர் முடிந்த 2009இல் இருந்து இல்லை. இருக்கிறானா என்றும் தெரியாது. "காணேல்லை" என்ற சொல் வன்னியில் மற்ற ஊர்களில் போல ஒரு சாதாரணச் சொல் அல்ல. 2017 மாசியில் கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் வந்து இருக்கத் தொடங்கியதும் இந்தச் சொல்லோடுதான். அதை என் குழுவின் பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான். அந்த அம்மா முற்றத்தில் மயங்கி விழுந்து, அயல்சனம் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள். அன்று பின்னேரம் பிள்ளையை நானே கையில் பிடித்துக் கொண்டு போய் விட்டேன். அவ என்னை ஏசவில்லை. பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டிருந்தா.

பயம் கூடினால் பார்வை ஒடுங்கும். எண்ணிக்கை பிசகும், எதிரில் இல்லாத ரீச்சர் தெரியாமல் போவார். ஓட வேண்டும் என்று கால் கேட்கும். அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது. முன்கூட்டிப் பழகி வைத்ததைத்தான் செய்யலாம். நான் இப்போது பழக்குவது இது.

நடமாடுகிற பிள்ளைகளை எண்ணுவதில்லை. விசில் ஊதினால் எல்லாரும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் காலையிலேயே ஒரு இலக்கம். எண்ணுவது பிள்ளைகள்தான்: ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரவர் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வார்கள். ஏழுக்குப் பிறகு மௌனம் என்றால், வராதது எட்டு. "எட்டாம் இலக்கம் சொல்லேல்லை" என்று மட்டும் சொல்வேன். அடுத்த கேள்வி எட்டின் சோடிக்கு: கடைசியாக எங்கே கண்டாய்? அதற்குப் பிறகு பெரியவர்களை எண்ணுவேன். ஒரு பெரியவர் எந்த நிலையிலும் பிள்ளைகளை விட்டு அசையக்கூடாது. மற்றவர் கடைசியாகக் கண்ட இடத்துக்குப் பாதையாலேயே போய், விசிலோடு பத்து நிமிஷம் தேடி, திரும்பி வர வேண்டும். கிடைக்காவிட்டால் 119. வீட்டுக்கு எடுப்பது பொறுப்பாளர் மட்டும், அதுவும் இவ்வளவும் முடிந்த பிறகு.

விசிலை வாயில் வைக்க முதல் மூன்று மூச்சு: நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. மூச்சை நீட்டி வெளியே விட நெஞ்சடிப்புத் தணியும். மொத்தம் அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் எனக்கு அன்றைக்கு இருந்திருந்தால் ரீச்சரின் குடை அங்கே இல்லாததைக் கண்டிருப்பேன்.

எண்ணிக்கை பிசகின உடனே கத்துவது இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரச் செய்கிறது. போன மாதம் பஸ்ஸடியில் அந்தத் தம்பி 23 பேரில் 22 எண்ணிவிட்டு, "ஒராளைக்..." என்று வாயைத் திறக்க, நான் அவருடைய தோளைப் பிடித்து இருத்தினேன். இருபத்துமூன்றாவது ஆள் பின் சீற்றில் நித்திரை.

அந்த அம்மா இரண்டு வருஷம் பிள்ளையை அனுப்பவில்லை. மூன்றாம் வருஷம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டா: "ஆர் தம்பி எண்ணுறது?"

மாரியில் "போய்ப் பாப்பம்" என்பது

கார்த்திகை, மார்கழியில் காட்டுப் பயணம் வைக்காதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் பட்ட பாடும் எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி வரும். முகில் கறுத்தால் குளக்கட்டில் நிற்க வேண்டாம், தனிமரத்தின் கீழும் நிற்க வேண்டாம், பஸ்ஸுக்குப் போங்கள்.

திரும்பும் நேரத்தைக் குறைத்துச் சொல்வது

பெற்றோரைச் சமாதானப்படுத்த "நாலு மணிக்கு வந்திடுவம்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு நாலு மணியை நினைத்து நினைத்தே பிள்ளைகளை விரட்டி நடத்துகிறார்கள். ஐந்தரை என்று சொல்லுங்கள்.

வீடு திரும்பிய இரவு

கடைசிப் பிள்ளையும் தகப்பனின் சைக்கிளில் ஏறிப் போன பிறகுதான் எனக்குக் கால் நடுங்கும். பகல் முழுக்க அடக்கி வைத்தது அப்போது வெளியே வருகிறது. "இனி இந்த வேலையே வேண்டாம்" என்று அந்த நேரத்தில் முடிவு எடுத்துவிட்டு, திறமான பொறுப்பாளர்கள் இரண்டு பேர் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். அன்று இரவு எதையும் முடிவு பண்ணாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, நடந்ததை நேரத்தோடு கொப்பியில் எழுதிவிட்டுப் படுங்கள். கடைசிப் பயணத்துக்கு என் கொப்பியில் இருப்பது:

9.40. எண்ணிக்கை சரி.
11.15. 14ஆம் இலக்கத்துக்குச் சப்பாத்துக் கடித்தது. பிளாஸ்டர் ஒட்டியது.
12.05. மேற்கே கருமுகில். அலைகரைக்குப் போகாமல் திரும்பினோம்.
12.30. பஸ்ஸில் எண்ணிக்கை. ஒருவர் நித்திரை. சரி.