பழைய மாருதியில் செத்துப்போன ஏசியைக் கழற்றுவது எப்படி

ஏசி போன பழைய மாருதி 800-ஐயோ ஜென்னையோ ஏசி கடைக்கு ஓட்டிப் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், அதன் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் எல்லாம் புதுசாகப் போடலாம் என்று ஒரு எஸ்டிமேட், அதைப் பார்த்தால் வண்டியையே விற்றுவிடலாம் போலிருக்கும். இல்லையென்றால், "கழட்டிப் போட்டுடலாம் சார்." கழற்றுவதென்று முடிவானால் நான் சொல்வது இதுதான்: பானெட்டுக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள், டேஷ்போர்டுக்குள் கை வைக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் பெல்ட்டைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஏசிக்கென்று தனி பெல்ட் இருக்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். ஏசி போடாதபோதும் கடகடவென்று சத்தம் வந்தால் கம்ப்ரஸர் புல்லியின் பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம், பெல்ட்டைக் கழற்றியதும் சத்தம் நின்றால் கோளாறு அந்த பேரிங்கிலோ டென்ஷனரிலோதான். அப்படியே சில நாள் ஓட்டிப் பாருங்கள். பல பேருக்கு வேலை அதோடு முடிந்துவிடும், சும்மா கிடக்கும் கம்ப்ரஸர் வண்டிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிற வண்டி என்றால் அதை எடுத்துவிட்டு ஓட்டவே முடியாது. அதே மாடலின் ஏசி இல்லாத வண்டிக்கு என்ன பெல்ட் என்று கேட்டு வாங்குங்கள், சில வண்டிக்குக் கம்ப்ரஸர் இடத்தில் ஒரு வெறும் புல்லியும் தேவைப்படும்.

சரி, கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதல் வேலை கேஸ். "எல்லாம் லீக் ஆகிப் போச்சு, உள்ள ஒண்ணும் இல்ல" என்பதை நம்பி ஸ்பேனரைப் போடாதீர்கள். கம்ப்ரஸர் ஓடாமல் நின்றது ஒரு ஒயரால் கூட இருக்கலாம், கேஸ் முழுசாக உள்ளேயே இருக்கும். ஏசிக்குள் சுற்றிக் குளிரூட்டும் ஆர்134ஏ கேஸ் காற்றுபட்டால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும், பட்ட இடத்தை உறைய வைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, 30 டிகிரி வெயிலில், 95 பவுண்டுக்குப் பக்கத்தில் முள் நின்றால் திரவமாகவே கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் ஏற்றும் வாய் திருகு மரை போட்டதாக இருந்தால் அது பழைய ஆர்12 சிஸ்டம், ஓசோன் படலத்தை ஓட்டையாக்கியது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க ஒழித்துக்கட்டிய கேஸ். டக்கென்று அழுத்தி மாட்டும் வாய் என்றால் ஆர்134ஏ. இது ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ காற்றில் போனால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். ரோட்டோரக் கடையில் வால்வை அழுத்திப் புஸ்ஸென்று விட்டுவிடுவார்கள். கேஸை வெளியே விடாமல் உறிஞ்சி எடுக்கும் ரெகவரி மெஷின் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், கேஸ் வெல்டிங் எதுவும் கூடாது, இந்தக் கேஸ் நெருப்பில் பட்டால் விஷப்புகையாக மாறும்.

அடுத்தது ஃபேன். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஏசியைப் போடாமல் எஞ்சினை ஐடிலில் சூடேற விட்டு, எந்த ஃபேன் தானாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். அது ரேடியேட்டருடையது, அதைத் தொடக் கூடாது. ஏசி போடும்போது மட்டும் சுற்றுவதுதான் கண்டென்சர் ஃபேன். ஒரே ஃபேன் இரண்டுக்கும் வேலை செய்கிற வண்டியில் அதைக் கழற்றிவிட்டால் முதல் டிராஃபிக் ஜாமிலேயே எஞ்சின் கொதிக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பைப் நட்டுகளுக்கு எப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க. ஒன்றை மட்டும் போட்டு இழுத்தால் அலுமினிய பைப் ஈரத் துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிழியும். இறுகிப்போன போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடித்துவைத்து, மறுநாள் அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். கம்ப்ரஸர் ஐந்தாறு கிலோ கனக்கும், கடைசி போல்ட்டை எடுக்கும்போது கீழே ஒரு கை தாங்க வேண்டும். பிராக்கெட்டில் ஆல்டர்னேட்டரும் உட்கார்ந்திருந்தால் பிராக்கெட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

கம்ப்ரஸர் கிளட்சுக்குப் போகும் ஒயரின் முனையை டேப் சுற்றிக் கட்டிவையுங்கள், யாராவது ஏசி ஸ்விட்சை அழுத்தினால் அதில் 12 வோல்ட் வரும். ஏசி ஃபியூஸை எடுத்துவிடுவது இன்னும் நல்லது, புளோயரும் அதே ஃபியூஸில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு. கார்புரேட்டர் வண்டியில் ஏசி போட்டதும் ஐடிலை ஏற்ற ஒரு சின்ன வேக்குவம் டப்பா இருக்கும். அதற்கு வரும் ஹோஸைத் திறந்துவிட்டால் எஞ்சின் ஐடிலில் தள்ளாடும், ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுங்கள்.

இனி டேஷ்போர்டு. கூலிங் காயில் பெட்டி பல வண்டிகளில் புளோயருக்கும் ஹீட்டருக்கும் நடுவில், காற்று போகும் வழியிலேயே இருக்கிறது. அதை எடுத்தால் நடுவில் ஒரு ஓட்டை விழும், புளோயர் காற்று முகத்துக்கு வராமல் டேஷ்போர்டுக்குள்ளேயே சுற்றும். ஐப்பசி மழையில் கண்ணாடி பனிக்கும்போது, ஈரத்தை உறிஞ்ச ஏசியும் இல்லாத நிலையில், உங்களுக்கு மிச்சமிருப்பது அந்தக் காற்றுதான். அதனால் காயிலை உள்ளேயே விட்டு, எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பைப் வாயையும் மூடுங்கள். எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகடான ஃபயர்வாலில் பைப் வெளியே வரும் இடத்தில் ரப்பர் போய் இடுக்கு இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எஞ்சின் புகையும் மழைத் தண்ணியும் எலியும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

கழற்றிய சாமானை எடைக்குப் போடாதீர்கள். பேரிங் மட்டும் போன கம்ப்ரஸருக்கு சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் கடைகளில் பழைய இரும்பு விலையைவிட நல்ல விலை கிடைக்கும். எடுத்துப் போகும்போது வாயை அடைத்து நிமிர்த்தி வையுங்கள், உள்ளே இருக்கும் ஆயில் டிக்கியில் கொட்டினால் கழுவி மாளாது.