ஃபாதம்: எங்கே பாகம், எங்கே விளக்கம்

முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது ஃபாதம்: 6 அடி, அதாவது 1.8288 மீற்றர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் விரித்த கைகளையும் அணைப்பையும் குறித்தது. டேனிஷ் உறவான ஃபவ்ன் இன்றும் அணைப்புத்தான். ஜேர்மன் ஃபாடன் நூலாகிவிட்டது.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது ஃபாதத்துக்கு முன்னால் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாகம். ஆழம் அறிதல், விளங்கிக்கொள்ளுதல் என்ற பொருளில் வினையாக எதிர்மறையோடு (can't fathom) வந்தால் ‘விளங்கவில்லை’ என்றே எழுதுங்கள்.

பழைய கடல் வரைபடமென்றால் தலைப்பில் அலகைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை வாசிக்கவேண்டும். 3 மீற்றர்த் தண்ணீரை 3 பாகம், 18 அடி என்று நம்பினால் படகு தரைதட்டும்.

கயிற்றில் அளப்பதானால் முதலில் கயிற்றை நனையுங்கள். காய்ந்த கயிறு நனைந்தால் நீளம் மாறும். முடிச்சு நீளத்தைத் தின்னும், ஆகவே முடிச்சுக்குப் பதிலாக 6 அடிக்கொரு துணித்துண்டு கட்டுங்கள். அந்த 6 அடியைக் கையை விரித்து அளக்காதீர்கள், கைவிரிப்பு ஆளுக்காள் வேறு. நீரோட்டத்தில் கயிற்று நுனியில் கட்டிய ஈயக்குண்டு இழுபட்டுக் கயிறு சரிந்தால் ஆழம் கூடுதலாகவே காட்டும்.