பன்றி வெடிக்குப் பதிலாக ஒரு சைரன் பெட்டி: கச்சான் தோட்டத்துக்கு நாமே செய்யும் காவல்

கச்சானோ மரவள்ளியோ வைத்திருக்கும் வன்னி விவசாயிக்கு, காட்டுப்பன்றி ஒரே இரவில் எவ்வளவு நிலத்தைக் கிளறிவிட்டுப் போகும் என்று எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் பலர் பன்றி வெடியை நாடுகிறார்கள். ஆனால் பூசணிக்காய்க்குள் மறைத்து வைத்த வெடி, தன்னைக் கடிப்பது பன்றியா யானைக்குட்டியா என்று பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு குளக்கட்டின் கீழே வாய் சிதைந்த இளம் யானை ஒன்றைக் கண்டேன். அது தும்பிக்கையால் நீரை உறிஞ்சி வாய்க்குள் விட்டது. விட்ட நீர் முழுவதும் தாடையின் வழியே மண்ணில் ஒழுகியது. இப்படிக் காயப்பட்ட யானை உடனே சாவதில்லை, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் எண்ணப்பட்ட யானைகள் 5,879 மட்டுமே. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும் இதே போன்றதுதான். 2020 மே மாதம் மலைநாட்டின் நல்லதண்ணியில் அத்தகைய கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்ட பின்னரும் பிழைக்கவில்லை.

ஆகவே பன்றியைக் கொல்லாமல், அது தோட்டத்துக்குள் கால் வைக்கும் கணத்தில் வெருட்டித் திருப்பும் பெட்டி ஒன்றை எப்படிச் செய்வது என்று இங்கே விளக்குகிறேன். மின்வேலை பழகாதவர்களும் செய்யலாம். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சும் வழக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நினைத்துப் பார்க்காதீர்கள். அதில் யானையும் சாகிறது, பக்கத்துத் தோட்டக்காரரும் சாகிறார்.

தேவையான பொருட்கள்

எச்.சி.-எஸ்.ஆர்.501 என்னும் அசைவுணரி ஒன்று, 12 வோல்ற் றிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஆளி) ஒன்று, பி.சி.547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் தடை, 1என்4007 டயோட், 12 வோல்ற்றில் எரியும் 10 வாற் எல்.ஈ.டி. விளக்கு, 12 வோல்ற் சைரன், 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி, 10 அல்லது 20 வாற் சோலர் பனல், அதற்கான சார்ஜ் கொன்ட்ரோலர், 5 அம்பியர் பியூஸ். வெளிச்சம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். பன்றிக்குப் பார்வை மங்கல். காதும் மூக்கும்தான் கூர்மை. அதனால் சைரனை விடக்கூடாது.

இணைக்கும் முறை

உணரியின் வெள்ளைக் குவிமாடத்தை மெல்லக் கழற்றினால் மூன்று கால்களின் பெயர்களும் பலகையில் தெரியும். தயாரிப்புக்குத் தயாரிப்பு கால்களின் வரிசை மாறுவதால் படத்தை நம்பாமல் பலகையை வாசியுங்கள். இது 5 முதல் 20 வோல்ற் வரை தாங்கும் என்பதால் 12 வோல்ற்றை நேராகக் கொடுக்கலாம். ஆனால் அதன் நடுக்காலில் வெளிவருவது 3.3 வோல்ற் அளவிலான மெல்லிய சைகை. அதனால் றிலேயை இழுக்க முடியாது. முதன்முதலில் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். சைகையை 1 கிலோ ஓம் தடையின் வழியே டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்குக் கொண்டுசெல்லுங்கள். டிரான்சிஸ்டரின் தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கியிருக்கப் பிடித்தால் வலது கால் சுற்றின் எதிர்முனைக்கும், இடது கால் றிலேச் சுருளின் ஒரு முனைக்கும் போகும். சுருளின் மறுமுனை நேர்முனைக்கு. சுருளுக்குக் குறுக்கே டயோடை, அதன் வெள்ளிக்கோடு நேர்முனைப் பக்கம் இருக்கும்படி இணையுங்கள்; இல்லையேல் றிலே விடுபடும்போது திடீரென எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

பிறகு பியூஸ் வழியாக வரும் நேர் வயரை றிலேயின் பொதுமுனைக்கும், அதன் ‘என்.ஓ.’ முனையிலிருந்து (றிலே இழுக்கும்போது மட்டும் பொதுமுனையோடு சேரும் முனை) விளக்குக்கும் சைரனுக்கும் கொண்டுபோங்கள்; அவை இரண்டின் மறு வயர் எதிர்முனைக்கு. முழுச் சுற்றையும் கொன்ட்ரோலரின் ‘லோட்’ முனையிலிருந்து எடுத்து, இருட்டியபின் மட்டும் வேலை செய்யும்படி அமைத்துவிட்டால் பகலில் வீண் சத்தம் இராது. ஓர் இரவில் 50 தடவை, தடவைக்கு 20 வினாடி ஒலித்தாலும் ஏறத்தாழ 8 வாற்-மணிதான் செலவாகும். பற்றரியில் இருப்பது 84. மாரி மூட்டத்திலும் ஓரிரு நாள் தாக்குப்பிடிக்கும்.

உணரியில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று தூரத்தை 3 முதல் 7 மீற்றர் வரையும், மற்றது ஒலிக்கும் நேரத்தையும் மாற்றும். நேரத்தை 20 வினாடி அளவில் வையுங்கள். மின் கொடுத்த முதல் ஒரு நிமிடம் உணரி தானாகவே ஒலிக்கலாம், அது பழுதல்ல.

பெட்டியும் நடும் இடமும்

மூடியிறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் எல்லாவற்றையும் வைத்து, உணரியின் முகத்துக்கு மேல் 2 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டைச் சரிவாகப் பொருத்தினால் மழை நேரே படாது. பெட்டியைத் தாங்கும் கம்பத்தைச் சுற்றி, எறும்பு ஏறாதபடி கிறீஸ் தடவுங்கள். நான் தடவாமல் விட்ட முதல் பெட்டியைத் திறந்தபோது றிலேயின் மேல் எறும்பு முட்டைகள் வெள்ளை அரிசிபோலக் குவிந்து கிடந்தன.

இடத்தைத் தெரிவு செய்வதுதான் பாதி வேலை. காலையில் வேலியோரம் நடந்து, குளம்புத் தடத்தையும் மரத்தடியில் தேய்த்த சேற்றையும் பாருங்கள். பன்றி பெரும்பாலும் பழகிய வழியிலேயே வரும். அந்த வழிக்குக் குறுக்காக, நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் உணரியை வையுங்கள். தன்னை நோக்கி நேரே வருவதைவிடக் குறுக்கே கடப்பதை இது நன்றாக உணரும். விளக்கும் சைரனும் தோட்டப் பக்கம் நின்று காட்டைப் பார்க்கட்டும், அப்போதுதான் வெருண்ட விலங்கு வந்த வழியே திரும்பும். 7 மீற்றருக்கு மேல் எட்டாத கருவி என்பதால் மீதி வேலியோரத்துக்கு நாம் வழமையாகக் கட்டும் பழைய சேலைகளே போதும்.

ஒரே இடத்தில் ஒரே சத்தத்தை இரண்டு வாரம் கேட்டால் பன்றி பழகிவிடும். வாரம் ஒருமுறை கம்பத்தை நகர்த்துங்கள், சில இரவுகள் சைரனின் வயரைக் கழற்றிவிட்டு விளக்கை மட்டும் விடுங்கள். யானைத்தடம் கண்டால் அன்றே சைரனைக் கழற்றுவது கட்டாயம், அருகில் திடீரென அலறும் ஒலி யானையைத் திருப்பாமல் எதிர்க்கவும் வைக்கலாம். அந்த இரவு தோட்டத்துக்குப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காய் பிடிக்கும் காலம் முதல் கச்சான் பிடுங்கும் வரை மட்டுமே பெட்டி வெளியில் நிற்கட்டும். பிடுங்கியதும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த போகம் வரை மாதம் ஒருமுறை பற்றரியைச் சார்ஜ் செய்து வையுங்கள்.