பச்சக் குழந்தைய வீட்லயே அழகா போட்டோ எடுக்கறது எப்படி

பொறந்த முதல் ரெண்டு வாரம்தான் இதுக்கு நல்ல நேரம், அப்போதான் அசந்து தூங்கும், கை காலையும் சுருட்டி வச்சுக்கும். பால் குடிச்சு ஏப்பம் விட்டு தூங்கின உடனே ஆரம்பிங்க, ஃபேன், ஏசி எல்லாம் ஆஃப், ரூம் கதகதப்பா இருக்கணும்.

லைட்டுக்கு ஒரு ஜன்னல் போதும். நேரா வெயில் விழுந்தா வெள்ளை வேட்டிய திரையா கட்டிட்டு, ட்யூப்லைட்ட அணைச்சிடுங்க, இல்லன்னா ரெண்டு வெளிச்சமும் கலந்து தோல் கலரே கெட்டுப்போகும். ரொம்ப முக்கியம், தலை உச்சி ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்வா இருக்கணும், வெளிச்சம் நெத்தியிலேர்ந்து மூக்கு வழியா கன்னத்துக்கு இறங்கணும், கால் பக்கமிருந்து வந்தா நிழல் மேல ஏறி முகமே வேற மாதிரி ஆயிடும். இன்னொரு பக்கம் இருட்டா தெரிஞ்சா வெள்ளை தெர்மாகோல் அட்டைய வைங்க. கேமரான்னா ஷட்டர் ஸ்பீட, அதாவது ஷட்டர் திறந்திருக்கற நேரத்த, 1/200 செகண்ட் கிட்ட வைங்க, ஃப்ளாஷ் வேணாம்.

போஸுக்கு மல்லாக்க படுக்கவச்சு பழைய மெல்லிசு பருத்திப் புடவையில சுத்துறதே போதும், இடுப்பு, கால்கிட்ட இறுக்காதீங்க. கையில தாடைய தாங்கி இருக்கற தவளை போஸ் பாத்திருப்பீங்க, அது தலைய பிடிச்சு ஒண்ணு, கைய பிடிச்சு ஒண்ணுன்னு தனித்தனியா எடுத்து போட்டோஷாப்ல சேக்கறது, கழுத்து நிக்காத குழந்தைய தயவுசெஞ்சு அப்படி உக்கார வைக்காதீங்க. பாட்டியோ சித்தியோ கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கட்டும். மேலேர்ந்து எடுக்கும்போது கேமரா ஸ்ட்ராப் உங்க கழுத்துல இருக்கட்டும். குழந்தை சிணுங்கினா விட்டுடுங்க, அடுத்த தூக்கத்துல எடுத்துக்கலாம்.