செங்கடல் கரையில் தோண்டக் கிளம்பும் முன்

புதுச்சேரி அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நிற்கும்போது சிலருக்கு ஒரு ஆசை வரும்: இங்கிருந்து கப்பல் போய்ச் சேர்ந்த ஊரில் நாமும் தோண்டிப் பார்த்தால் என்ன? நியாயமான ஆசைதான். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் ‘பானை ஒறி’ (பானை வைக்கும் உறி) என்று தமிழியில், அதாவது பழந்தமிழ் எழுத்தில், கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. அதே கரையில் உள்ள இன்னொரு துறைமுகமான பெரனிகேயில் இந்தியப் பானை ஒன்றுக்குள் 7.5 கிலோ மிளகு இருந்தது. ஆசை, அகழாய்வு அனுமதி கேட்கும் விண்ணப்பமாக மாறும்போதுதான் சறுக்கல்.

பெரிய தவறு, கடிதத்தின் முதல் வரியிலேயே நடக்கிறது. ‘தமிழர் பெருமையை நிலைநாட்ட’ என்று தொடங்குகிறார்கள். எழுத்து நம்முடையது, சரி. மண் அவர்களுடையது. எகிப்தின் 1983ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தோண்டிக் கிடைப்பது அந்நாட்டு அரசின் சொத்து; தோண்டிய குழுவுக்குச் சிறு பங்கு தரலாம் என்றிருந்த வழியையும் 2010 திருத்தம் அடைத்துவிட்டது. குசேரில் 1978 முதல் 1982 வரை சிகாகோக் குழுவும், 1999 முதல் 2003 வரை சவுத்தாம்ப்டன் குழுவும் வேலை செய்திருக்கின்றன. அவர்கள் தொடாமல் விட்டது எது, அதைத் தோண்டினால் எகிப்துக்கு என்ன தெரியவரும் என்று எழுதுங்கள். விண்ணப்பம் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனத்தின் பெயரில் போக வேண்டும். நாலு நண்பர்கள் சேர்ந்த குழுவை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பது அடுத்த தவறு. குழுவில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரமும் எகிப்தின் பாதுகாப்பு அமைப்புகளுக்குப் பல மாதங்கள் முன்பே போக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் குழிக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பெரனிகே ராணுவக் கெடுபிடி உள்ள பகுதி. 2020ல் அங்கே பெரிய ராணுவத் தளமே திறந்தார்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எகிப்தை விட்டு, தமிழி ஓடு கிடைத்த இன்னொரு நாடான தாய்லாந்து என்றால் அந்நாட்டு நுண்கலைத் துறையோடு தேசிய ஆராய்ச்சி மன்ற அனுமதியும் வேண்டும். ஓமனின் பழைய துறைமுகமான கோர் ரோரிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை திட்டமிடாதீர்கள். வளைகுடாவில் ஏது மழை என்று கேட்பீர்கள்; அந்தக் கரையில் அப்போதுதான் தூறல் காலம்.

நம் ஊர்க்காரர்கள் அறியாமல் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. மழை பெய்து ஓய்ந்ததும் அரிக்கமேட்டு மண்ணில் பானை ஓடுகளும் மணிகளும் தலைகாட்டும். வெளிநாட்டில் தோண்டிக் கிடைப்பதோடு ஒப்பிடலாமே என்று ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுக்கொள்ளத் தோன்றும். வேண்டவே வேண்டாம். அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம், எடுப்பதே குற்றம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ‘ஆய்வுக்குத்தான் சார்’ என்ற பதில் விமான நிலையத்தில் எடுபடாது. பரிசாகக் கொடுக்க வில்லியனூர் சுடுமண் பொம்மை வாங்கினால் ரசீதை வைத்திருங்கள். பழசு போலத் தெரியும் பொருளுக்குத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கலாம். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைச் சொந்தமாகக் கொண்டுபோகிறவர்கள் புறப்படும்போதே சுங்கத்தில் பதிந்து சான்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது வரி கேட்பார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்தும் எதையும் கொண்டுவர முடியாது. காலம் கணிக்க எடுக்கும் கரித்துண்டைக்கூட எகிப்து வெளியே விடுவதில்லை. சோதனைகளை அங்கேயே செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.

ஆள் உதவி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. விசா ஏஜென்ட் விசாவுக்கு மட்டும்தான். நைல் கரையில் குஃப்த் என்ற ஊர் இருக்கிறது. அந்தக் காலத்தில் செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு பாலைவனம் கடந்து வந்து சேர்ந்த ஊர். 1890களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் பெட்ரி அங்கே தோண்டிய காலம் முதல் அவ்வூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அகழாய்வு மேஸ்திரிகள். மண்ணின் நிறம் மாறுவதை நம் முனைவர்களைவிட முன்னால் பார்த்துவிடுவார்கள். பெரனிகேயில் அபாப்தா பழங்குடியினர் வேலை செய்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு இங்கிருந்து மாணவர்களைக் கூட்டிப்போனால் செலவு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். அரசு அனுப்பும் ஆய்வாளர் ஒருவரும் கூடவே இருப்பார். அவரை வேவு பார்க்க வந்தவராக நினைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் வாட்ஸ்ஆப். கண்டுபிடிப்பை அறிவிக்கும் உரிமை எகிப்துத் தொல்பொருள் துறைக்குத்தான். 2003ல், இது பழைய எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் மம்மி என்று தொலைக்காட்சியில் முந்திக்கொண்ட ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளருக்கு அந்நாட்டில் வேலை செய்யவே தடை வந்தது. தமிழெழுத்து உள்ள ஓடு கையில் கிடைத்தால் விரல் துறுதுறுக்கும்தான். வீட்டிலிருந்து போன் வந்தால் வெயில் அதிகம், சாப்பாடு பரவாயில்லை என்று சொல்லி வையுங்கள்.