பழைய மேசையை விற்கப் போகிறீர்களா? முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மேசையை விற்றுவிடலாம் என்று முடிவானதும், அதைப் புதுசு போல ஆக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான். சின்ன மேசை ஒன்றின் மேல் டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள் இருந்தன. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே ஓரத்தில் நிறம் மாறி, உள்ளே இருந்த ஒட்டுப்பலகை பல்லைக் காட்டியது. முழு மரம் என்று நான் நம்பியிருந்தது வெனீர். பலகையின் மேல் ஒட்டிய மரத் தோல் அது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. தேய்ந்தால் தேய்ந்ததுதான். வளையத்தோடு விற்றிருந்தால் வாங்குகிறவர் ஒரு விரிப்பைப் போட்டுக்கொண்டிருப்பார்.

தேய்க்கும் முன் விளிம்பைக் குனிந்து பாருங்கள். முழு மரத்தில் மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் இறங்கித் தொடரும். வெனீரில் ரேகை அங்கே அறுந்துபோகும், அல்லது தனியாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். இன்னொன்று: வெள்ளை வளையம் பெரும்பாலும் மேல்பூச்சில் சிக்கிய ஈரம்தான், மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கறுத்த கறைதான் உள்ளே இறங்கியது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெயின்ட் என்றால் தேய்க்கவே வேண்டாம், ஈயம் கலந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டு பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான்.

விற்பதற்கு முன் செய்ய வேண்டியது துடைப்பது, ஆடும் ஸ்க்ரூவை முடுக்குவது, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். பாலிஷுக்குச் செலவழித்த பணம் விலையில் திரும்பி வருவது அபூர்வம்.

அடுத்த தவறு மறைப்பது. அலமாரியின் அடிப்பாகம் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால், அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துப் படம் எடுப்பார்கள். தூக்கும்போது தெரிந்துவிடும், பேச்சு அங்கேயே முறியும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை உப்பினால் பழையபடி இறங்காது. அதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பதே மேல். மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் மெழுகு வைத்து அடைக்காதீர்கள். கீழே கறுப்புத் தாளை விரித்துச் சில வாரம் விட்டுப் பாருங்கள். புதிதாக மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. கட்டில் என்றால் மூட்டுகளிலும் ஸ்க்ரூ ஓட்டைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கே கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதைச் சரிசெய்யாமல் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் அடித்தால் பாலிஷில் வெள்ளைத் திட்டு விழும். அளவு எழுதாமல் விடுவது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஆளோடு வண்டி வந்து நின்ற பிறகு, பீரோ வாசலில் நுழையாது என்று தெரிந்தால் யாருக்குக் கோபம் வரும்? நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள், கழற்ற முடியுமா என்பதையும் சேர்த்து. வாங்குபவர் பார்க்கும் முன் நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் பிடிப்பு குறையும். கழற்றினால் ஸ்க்ரூக்களை ஒரு பையில் போட்டுச் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

விலையைப் பற்றி ஒரே வார்த்தை: நீங்கள் கொடுத்த விலையும், தாத்தா உட்கார்ந்த நாற்காலி என்ற பாசமும் வாங்குபவர் கணக்கில் வராது. போனில் பணம் வாங்குவதற்கு உங்கள் பின் (PIN) நம்பர் தேவையில்லை. கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சில சாமான்களுக்கு மறுவாழ்வே கூடாது. பக்கச் சட்டம் கீழிறங்கும் பழைய குழந்தைத் தொட்டில் கட்டிலை 2011 முதல் அமெரிக்காவில் விற்கவே கூடாது. சட்டம் கழன்று குழந்தைகள் சிக்கி இறந்திருக்கிறார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அதை யாருக்கும் கொடுக்காமல், உடைத்தே அப்புறப்படுத்துங்கள்.

அப்புறம், வண்டியில் ஏற்றும் முன் இழுப்பறைகளை முழுதாக வெளியே இழுத்துப் பின்பக்கம் கைவிட்டுப் பாருங்கள். என் மேசையில் இரண்டு சாவியும் ஒரு பாஸ்போர்ட் போட்டோவும் கிடைத்தன.